ஆறு ஓட்டைக் கனெக்டர்

லைன் சூப்பர்வைசர் ரங்கம்மாள் ஒரு ஜோடி அப்பரைக் கையில் தூக்கிக்கொண்டு தையல் லைனின் நடுவில் வந்து நின்றபோது மணி ஒன்பது நாற்பது. அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம், அடி ஒட்டுவதற்கு முன்னால் தைத்து முடித்த தோல். அதை ஆட்டிக்கொண்டு அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து லைன் மெஷின்கள்கூட நின்றுபோயின.

"யாருடி இதைத் தெச்சது? ரெண்டும் லெஃப்டு! போடறவனுக்கு இன்னா ரெண்டும் எடது காலா?"

பெண்கள் சிரித்தார்கள். சௌந்தர்யாவும் சிரித்தாள். எட்டு வருஷத்தில் அவள் மெஷினிலிருந்து இப்படி ஒரு ஜோடி போனதில்லை. வலதைத் தைத்து முடித்தால் அவள் கை யாரும் சொல்லாமலே மாதிரியைத் திருப்பிப் போட்டு இடதைத் தொடங்கும். தூக்கத்தில் எழுப்பிவிட்டுக் கேட்டாலும் ஒன்றுக்கு எதிராக இன்னொன்று என்றுதான் அந்தக் கை செய்யும்.

அப்போதுதான் அவளுக்குக் காலையில் வீட்டில் தம்பியின் கம்ப்யூட்டருக்குச் செய்துவைத்துவிட்டு வந்த கேபிள் ஞாபகம் வந்தது. மெஷினிலிருந்து காலை எடுத்தாள்.

கேபிளுக்கும் இரண்டு முனை. ஒரு முனையைச் செய்துவிட்டு, மறு முனையை அதற்கு ஜோடியாகச் செய்துவிட்டாள். வலதுக்கு இடது மாதிரி. எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று மெச்சிக்கொண்டுகூட வந்தாள், பாவி. கேபிளுக்கு ஜோடி கூடாது. அதற்கு இரண்டும் ஒரே பக்கமாக இருக்க வேண்டும். ரங்கம்மாள் கையில் ஆடுகிறதே, அந்த மாதிரி.

பத்து மணிக்குத் தம்பியின் தோஸ்த் நவீத் வீட்டுக்கு வந்துவிடுவான். வந்தால் முதல் வேலையாக ஸ்விட்ச் போடுவார்கள்.

சௌந்தர்யாவின் தம்பி வசந்த் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்துகொண்டிருந்தான். தோல் சீவும் மெஷின் அவனுடைய வலது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது. அதன் பிறகு ஆறு மாதம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். சோறு வைத்தால் ஆறிப்போகும்வரை திரும்ப மாட்டான். பள்ளிக்கூடத் தோஸ்த் நவீத், பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், ஒருநாள் பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் வரைகிற பலகை ஒன்றையும் கொண்டுவந்து கட்டிலருகே வைத்துவிட்டுப் போய்விட்டான். அதில்தான் வசந்த் இடது கையால் கிறுக்க ஆரம்பித்தான். முதலில் கோழி கிளறின மாதிரி கோடுகள். அப்புறம் வட்டம். அப்புறம் ஒரு செருப்பு. மூன்றாவது வருஷம் அவன் வரைந்த ஷூக்கள் திரையில் நிஜத் தோல் போலச் சுருக்கத்தோடும் மினுமினுப்போடும் திரும்பித் திரும்பி நின்றன. சென்னையில் ஒரு ஷூ டிசைன் ஆபீஸ் அதைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தது. முதல் கோட்டிலிருந்து கடைசி டிசைன்வரை, கை பழகிய வழி முழுவதையும் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

அந்த மூன்று வருஷமும் ஒரே ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. வேறு எங்கேயும் இல்லை. "காப்பி எடுடா, காப்பி எடுடா" என்று சொல்லிச் சொல்லி நவீத்துக்கு வாய் வலித்துப்போனது. புதுக் கம்ப்யூட்டர் மெஷின் வந்ததும் அதில் ஏற்றிக்கொள்ளலாம் என்று வசந்த் சொல்லிக்கொண்டே இருந்தான். நாளைக்கு என்பது நம் வீடுகளில் ஒரு கிழமையின் பெயர்.

புது மெஷினை ஒரு வருஷமாக ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்தான். பக்கவாட்டில் கண்ணாடி போட்ட பெட்டி. உள்ளே தெரிகிற ஒயர்களெல்லாம் கறுப்பும் நீலமுமாகச் சட்டை போட்டிருக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. "ஒத்தக் கைக்காரன் செஞ்ச மெஷினுன்னு எவனும் சொல்லக் கூடாதுக்கா" என்றான். ஆனால் அது இரண்டு கை வேலை. அதனால் அக்கா செய்தாள். ஸ்டேப்ளர் பின்னை வளைத்து, ஒயர் முனையிலிருக்கும் கனெக்டருக்குள் விட்டு ஒயரை உருவ வேண்டும். சட்டையாகப் பின்னல் குழாயை அதன்மேல் ஏற்றி, முனையை லைட்டர் சூட்டில் இறுக்கி, உருவிய அதே ஓட்டையில் திரும்பச் சொருக வேண்டும். ஒன்று முடித்துத்தான் அடுத்ததை எடுப்பாள், அதனால் தப்பு வர வழியே இல்லை. தொண்ணூறு ஒயருக்கு மேல் அப்படிச் செய்தாள், ஷிஃப்ட் முடிந்து வந்து, இரண்டு வாரம்.

கடைசியாக மிஞ்சியது டிஸ்க்குக்குப் போகிற கேபிள். புதுப் பெட்டியில் அதற்கு நீளம் போதவில்லை. புது ஒயர் வெட்டிப் புதிதாகவே செய்ய வேண்டியிருந்தது. ஒயரெல்லாம் கறுப்பு. பார்த்து நினைவு வைத்துக்கொள்ள நிறம் கிடையாது. காலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன் அவசரம் அவசரமாக முடித்து, மேசைமேல் வைத்து, 'ரெடி' என்று சீட்டு எழுதிவைத்துவிட்டு ஓடிவந்தாள். பவர் பெட்டிக்குப் போகும் முனையில் ஆறு ஓட்டை. அதில் ஒரு கோடியில் பன்னிரண்டு வோல்ட், மறு கோடியில் ஐந்து வோல்ட். திருப்பிப் போட்டால் ஐந்து குடிக்க வேண்டிய டிஸ்க்கின் வாயில் பன்னிரண்டு போய் விழும்.

"அக்கா, நான் வீட்டுக்குப் போவணும். இப்பவே" என்று எழுந்து நின்றாள்.

"இன்னாடி ஆச்சு?" என்றாள் ரங்கம்மாள். "யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் ஒண்ணுமில்லக்கா. கம்ப்யூட்டர் ஒயரைத் தப்பாப் பண்ணி வெச்சிட்டேன். தம்பி ஸ்விட்ச் போட்டான்னா எரிஞ்சிடும்."

"கம்ப்யூட்டருக்கா கேட் பாஸ்? சரக்கு வாங்கற பையர் வர்ற நாளும் அதுவுமா பேஜார் பண்ணாத. உக்காரு."

"அக்கா, ஒரு முனை லெஃப்டு, இன்னொரு முனை ரைட்டு ஆய்ட்டுது. ரெண்டும் லெஃப்டா இருக்கணும்க்கா. அவன் மூணு வருஷமா வரைஞ்சதெல்லாம் அதுலதான் இருக்குது."

ரங்கம்மாள் தன் கையிலிருந்த அப்பரைப் பார்த்தாள். முப்பது வருஷம் ஜோடி பார்த்த கண். வோல்ட் தெரியாவிட்டாலும் லெஃப்ட் ரைட் தெரியாதா அவளுக்கு? அந்தத் தம்பியையும் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தவள்தான். "அடிப்பாவி" என்று சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து தன் போனை எடுத்தாள். லைனில் சூப்பர்வைசருக்கு மட்டும்தான் போன் அனுமதி, மற்றவர்களுடையதெல்லாம் கேட்டில் இருக்கும் லாக்கரில் கிடக்கும். "நம்பர் சொல்லு."

சௌந்தர்யா வாயைத் திறந்தாள். தொண்ணூற்று நாலு. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. வசந்த் என்று பெயரைத் தொட்டால் அவன் பேசுவான். நம்பரை என்றைக்குப் பார்த்தாள்? பெற்ற பிள்ளைபோல வளர்த்த தம்பியின் நம்பர் தெரியாமல் நிற்கிறோமே என்று அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

ரங்கம்மாள் கேட் பாஸ் புத்தகத்தைப் பிரித்தாள். "ஜுரம்னு போட்டா நர்ஸு கையெழுத்து கேப்பாங்க. வயித்துவலிக்கும் கேப்பாங்க. சாவுன்னு போட்டிருக்கேன், அதுக்கு மட்டும் எவனும் எதுவும் கேக்க மாட்டான். யாருன்னு கேட்டா பெரியப்பான்னு சொல்லு. ஓடு."

தலைக்கு மேல் வெள்ளம், சாண் போனால் என்ன முழம் போனால் என்ன? இல்லாத பெரியப்பாவைக் கொன்றுவிட்டு ஓடினாள்.

கேட்டில் செக்யூரிட்டி தானியேல் பாஸை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, 'சாவு' என்று படித்தார். நல்ல மனுஷர். அந்த நேரத்தில் நல்ல மனுஷரைவிடப் பெரிய தொல்லை உலகத்தில் கிடையாது. தொப்பியைக் கழற்றினார். "பெரியப்பாவாம்மா? வயசு இன்னா இருக்கும்?"

"எழுவதுண்ணே. லாக்கர் சாவிண்ணே."

"கர்த்தர் சமாதானம் குடுப்பாரும்மா" என்று கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார். சாவிக்கொத்து அவர் கூப்பிய கைக்குள் இருந்தது. இழுக்கவும் முடியாமல், சும்மா நிற்கவும் முடியாமல், அவர் ஆமென் சொல்லும்வரை அவள் கால் மாற்றி மாற்றி நின்றாள். கேட்டிலிருந்த கடிகாரம் ஒன்பது ஐம்பத்தெட்டு காட்டியது.

போன் கைக்கு வந்ததும் வசந்த்தைக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் கூப்பிட்டாள். அதே பெண், அதே குரல். அம்மா ஆலங்காயத்தில் சித்தி வீட்டில். நவீத்தின் நம்பர் இவளிடம் இல்லை. ஹைவேயில் வந்த முதல் ஷேர் ஆட்டோவைக் குறுக்கே போய் நிறுத்தினாள். இன்னும் மூன்று பேர் ஏறினால்தான் எடுப்பேன் என்றான் அவன். "மூணு பேர் காசையும் நான் தர்றேன், எடு" என்று அவள் கத்தியதில் அவனே பயந்துபோய் எடுத்தான்.

வழியெல்லாம் மனசு ஒரே ஒரு இடத்தைப் பிடித்துத் தொங்கியது. நவீத் மீட்டர் வைத்துப் பார்ப்பான். அவன் கவனமான பையன். எந்தக் கேபிளையும் மீட்டர் வைக்காமல் மாட்ட மாட்டான். பார்ப்பான், தப்பு என்பான், சிரிப்பான். மாதாவே, அவன் சிரிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அவளுடையது மாதாவைக் கும்பிடுகிற குடும்பம் இல்லை. வழியில் மாதா கோயில் தெரிந்தது, வேண்டிக்கொண்டாள். அடுத்து தர்கா வந்தது, அங்கேயும் வேண்டிக்கொண்டாள்.

ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கி அந்தப் பக்கம் வந்தபோது மூச்சு வாங்கியது. கம்பெனி ஏப்ரன் காலில் தட்டியது. தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. இரண்டு பேர் ஓவென்று கத்திக் கைதட்டுகிற சத்தம். ஒருவன் தன் தொடையில் தட்டிக்கொள்கிறான், அது வசந்த். ஒற்றைக் கைக்காரன் அப்படித்தான் கைதட்டுவான்.

ஸ்விட்ச் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்து அவள் எதிர்வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே மெஷின் எரிந்துகொண்டிருந்தது, விளக்கு எரிகிற மாதிரி. கண்ணாடிக்குப் பின்னால் விசிறிகள் நீலமாகச் சுழன்றன. அவள் சட்டை போட்ட ஒயர்கள் வரிசையாக, பின்னிவிட்ட ஜடை போல வளைந்து இறங்கின. வசந்த்தின் போனை ஒரு டப்பாவில் சாய்த்துவைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் யாராவது கூப்பிட்டு வீடியோ அறுந்துபோகக் கூடாது என்று அதை ஃப்ளைட் மோடில் போட்டிருந்தார்கள்.

"அக்கா! நீ எப்படி வந்த? பார்க்கா உன் கேபிளை!" என்றான் வசந்த். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் முகத்தில் இப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததே இல்லை. 

"டிஸ்க்கு மட்டும் காட்ட மாட்டேங்குதுக்கா" என்றான் நவீத் திரையைப் பார்த்தபடி. "புது டிரைவு காட்டுது, பழசு காட்டல. செட்டிங்ஸா இருக்கும்."

"நவீத், அந்தக் கடைசிக் கேபிளை மீட்டர் வெச்சுப் பாத்தியா?"

"நீங்க செஞ்சதைப் போயி நான் இன்னா பாக்கறது? தொண்ணூறு ஒயர்ல ஒரு தப்புகூட வரலியே."

அவள் ஆஃப் பண்ணச் சொன்னாள். பண்ணினான். அப்புறம் சொன்னாள். நின்றுகொண்டே, ஏப்ரனைக் கையில் முறுக்கிக்கொண்டே, வலது, இடது, ஜோடி, பன்னிரண்டு, ஐந்து என்று எல்லாவற்றையும் சொன்னாள். நவீத் மீட்டரை எடுத்துக் கேபிளின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தான். அவள் சொன்னபடியே ஒயர்கள் திரும்பியிருந்தன. மீட்டரைக் கீழே வைத்தான். 

வசந்த் டிஸ்க்கைக் கழற்றச் சொல்லி வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். லேசாகக் கருகிய வாசனை. அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவன் திட்டவில்லை. மெதுவாகக் காலைத் தூக்கி மேலே வைத்து, சாய்ந்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மூன்று வருஷத்துக்கு முந்தி ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருந்தானே, அதே சுவர்.

சௌந்தர்யாவுக்கு அப்போதுதான் உயிர் போயிற்று. "வசந்த், திட்டுடா. எதாவது சொல்லுடா" என்று அவன் தோளை உலுக்கினாள். அவன் அசையவில்லை. "நான் எதுக்குடா இதைத் தொட்டேன்? கடையில ரெடிமேடா வாங்கியிருக்கலாமே. இந்தக் கையைக் கொண்டுபோய் அடுப்புல வெக்கணும்டா" என்று அவள் தன் வலது கையைக் கட்டில் சட்டத்தில் ஓங்கி அடித்தாள். இன்னொரு முறை அடித்தாள். நவீத் பிடித்துக்கொள்ளவில்லை என்றால் உடைத்தே இருப்பாள்.

பிறகு வெகுநேரம் நவீத் மூலையில் உட்கார்ந்து தன் போனில் எதையோ தேடிக்கொண்டே இருந்தான். மீட்டர் வைக்காத குற்றம் அவன் நெஞ்சிலும் உறுத்தியது. திடீரென்று எழுந்து வந்தான்.

"டேய், அந்த டிஸ்க்கைக் குடு. இதுக்கு அடியில சின்னதா ஒரு டயோடு இருக்குமாம். கரண்ட்டு ஜாஸ்தியா வந்துச்சுன்னா அந்த அடியை அதுவே வாங்கிக்கும். அது செத்திருந்தா டிஸ்க்கு பொழச்சிருக்க சான்ஸ் இருக்குது."

வசந்த் திரும்பவில்லை. ஆனால் கை மட்டும் டிஸ்க்கைப் பின்பக்கமாக நீட்டியது. நவீத் அதைக் கவிழ்த்து, அடியில் இருந்த பச்சை சர்க்யூட் அட்டையைக் கழற்றித் திருப்பி, அரிசியைவிடச் சின்னதாக இருந்த ஒரு கறுப்புத் துண்டில் மீட்டர் முனைகளை வைத்தான். மீட்டர் விடாமல் கீ என்று கத்தியது.

"செத்துப்போச்சு" என்றான் நவீத், சந்தோஷமாக. ஒரு சாவுச் செய்திக்கு அந்த வீட்டில் யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. "இதை வெட்டி எடுத்துட்டா டிஸ்க்கு ஓடலாம். ஓடாமயும் போலாம். ஆனா பக்கத்துல பாரு, அதைவிடச் சின்னதா நாலு இருக்குது. அதுல எது மேல பட்டாலும் முடிஞ்சது."

பையிலிருந்து கூர்மூக்குக் கட்டரை எடுத்தான். அட்டைமேல் கொண்டுபோனான். நுனி ஆடியது. திரும்ப எடுத்துவிட்டான். இன்னொரு முறை கொண்டுபோனான், இன்னும் அதிகமாக ஆடியது. "என்னால ஆவாதுடா" என்றான்.

வசந்த் இப்போது எழுந்து உட்கார்ந்திருந்தான். முகம் வீங்கியிருந்தது. "அக்கா வெட்டட்டும்" என்றான்.

"ஐயோ, நான் மாட்டேன்." அவள் இரண்டு கையையும் ஏப்ரனுக்குள் ஒளித்துக்கொண்டாள். "இந்தக் கையாலதான் எல்லாம் போச்சு. கடைக்கு எடுத்துட்டுப் போலாம், வேலூர்ல எவனாவது இருப்பான்…"

"வேலூர்ல இருக்கறவன் கை எனக்குத் தெரியாது. உன் கை தெரியும்."

"தப்புப் பண்ண கைடா இது!"

"பண்ணுச்சு. இல்லேன்னு சொல்லல." குரல் உடைந்தது அவனுக்கு. வலது கைச் சட்டை நுனியை, வெறுமையாகத் தொங்கியதை, தூக்கிக் காட்டினான். "தப்புப் பண்ண கைதான் இதுவும். சீவுற மெஷின்ல நானேதான் விட்டேன். இது இல்லாம எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்க்கா. உனக்கு இருக்குது. வெளியில எடு."

அவள் எடுத்தாள். அடித்துக்கொண்டதில் விரல் கணுக்கள் சிவந்து வீங்கியிருந்தன. கட்டரை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு அட்டையைத் திருப்பி, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள். தையல் பிரிக்கும்போது செய்வது போல மூச்சைப் பாதியில் நிறுத்தினாள். டயோடின் ஒரு காலில் ஒரு நறுக். இன்னொரு காலில் ஒரு நறுக். கறுப்புத் துண்டு தரையில் விழுந்து எங்கேயோ உருண்டு போயிற்று.

நவீத் அட்டையைத் திரும்ப மாட்டினான். நீளம் போதாத பழைய கேபிளையே எடுத்து, இரண்டு முறை மீட்டர் வைத்துப் பார்த்து, பெட்டிக்கு வெளியே டிஸ்க்கை வைத்து இணைத்தான். ஸ்விட்சைப் போட்டான். விசிறிகள் சுழன்றன, விளக்குகள் எரிந்தன. புது மெஷின் போடும் காற்றுச் சத்தத்தில் டிஸ்க் ஓடுகிறதா இல்லையா என்று ஒருவர் காதுக்கும் கேட்கவில்லை. சௌந்தர்யா திரையைப் பார்க்க மாட்டேன் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

வசந்த் சட்டை நுனியை மேலே இழுத்துவிட்டு, வெறும் மணிக்கட்டின் முனையை டிஸ்க்கின்மேல் வைத்தான். யார் கண்ணிலும் படாமல் மூடியே வைத்திருப்பான் அதை. வெட்டுப்பட்ட அந்த இடத்தில் எறும்பு ஊர்ந்தாலும் அவனுக்குத் தெரியும். வைத்தபடியே கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தான்.

"சுத்துதுக்கா" என்றான்.